முட்டை விலையும் மூன்று பண்ணைக்காரர்களும்

எந்த ஊர் டீக்கடையில் பேப்பரைப் புரட்டினாலும் தங்கம் விலையைப் பார்க்க ஒருவர் இருப்பார். நாமக்கல், ராசிபுரம், பரமத்தி வேலூர் பக்கம் போனால் அதற்கு முன்னால் இன்னொரு சின்னச் செய்தியைத் தேடுவார்கள். "முட்டை விலை 5 காசு உயர்வு" என்றோ "10 காசு சரிவு" என்றோ நான்கு வரி இருக்கும். அதோடு கறிக்கோழி விலை, முட்டைக்கோழி விலை. அவ்வளவுதான்.

5 காசு எல்லாம் ஒரு காசா என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். சின்னதாக ஒரு கணக்கு. 5,000 கோழி வைத்திருக்கும் சிறிய பண்ணையில் நூற்றுக்குத் தொண்ணூறு கோழி முட்டையிட்டால் ஒரு நாளைக்கு 4,500 முட்டை. 30 முட்டை அடுக்கும் அட்டையில் சொன்னால் 150 அட்டை. முட்டைக்கு 20 காசு குறைந்தால் ஒரு நாளைக்கு 900 ரூபாய் போச்சு. மாதத்துக்கு 27,000 ரூபாய். ஒரு வீட்டுப் பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் அந்த நான்கு வரிச் செய்திக்குள் இருக்கிறது.

சரி, அந்த விலையை யார் சொல்வது?

பி.காம். முதலாமாண்டில் தேவைக் கோடும் அளிப்புக் கோடும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் விலை பிறக்கிறது என்று படம் போட்டுக் காட்டுவார்கள். நாமக்கல்லில் அது கூட்டத்தில் பிறக்கிறது. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, சுருக்கமாக என்.இ.சி.சி., ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஒரு விலையை அறிவிக்கிறது. நாமக்கல் ஒரு மண்டலம். பேப்பரில் அந்தச் செய்தி வரும்போது கூடவே ஒரு வாக்கியம் வரும்: உற்பத்தி பற்றியும் மார்க்கெட் நிலவரம் பற்றியும் பண்ணையாளர்களோடு பேசி விலை முடிவு செய்யப்பட்டது என்று. எல்லோரும் தாண்டிப் போகிற அந்த வாக்கியத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. "பேசி முடிவு செய்வது" என்றால் என்ன? ஒரு கூட்டம் எப்படி ஒரு எண்ணுக்கு வந்து சேர்கிறது?

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1980-களின் தொடக்கத்தில் முட்டை விலையை வியாபாரிகள்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முட்டை பெருகிய நாளில் உற்பத்திச் செலவுக்கும் கீழே கேட்டார்கள். பண்ணைக்காரருக்கு வேறு வழியில்லை, கொடுத்தார். அரிசி ஆலைக்காரர் மூட்டையைப் பூட்டி வைக்கலாம். முட்டைக்காரரால் முடியாது. கோழி ஞாயிற்றுக்கிழமையும் முட்டையிடும், விலை விழுந்த நாளிலும் முட்டையிடும். வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸைத் தொடங்கிய டாக்டர் பி.வி. ராவ் தலைமையில் ஒரு குழு நாடு முழுக்கச் சுற்றி 300-க்கும் மேற்பட்ட கூட்டங்கள் நடத்தி, 1982-ல் இந்த அமைப்பை உருவாக்கியது. முட்டையை உற்பத்தி செய்பவனே அதன் விலையைச் சொல்ல வேண்டும் என்பதுதான் அடிப்படை. நாமக்கல் அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1997-ல்தான் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது.

பக்கத்திலேயே சேலத்தில் விலைக்கு வேறொரு வழியும் இருக்கிறது. 1981-ல் வந்த சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தில் ஜவ்வரிசிக்கும் ஸ்டார்ச்சுக்கும் வியாபாரிகள் ரகசிய டெண்டர் போடுவார்கள். அங்கே ஒப்பிட வேண்டியது ஒன்றே ஒன்று, விலை. யார் அதிகம் எழுதியிருக்கிறார் என்று பார்த்தால் முடிந்தது. முட்டைக் கூட்டத்தில் அப்படி இல்லை. பண்ணையில் எத்தனை நாள் முட்டை தேங்கியிருக்கிறது? மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் என்ன விலை? கேரளாவுக்கு எத்தனை லோடு போகிறது? ஹைதராபாத்தில் என்ன விலை, அங்கிருந்து முட்டை இங்கே வந்துவிடுமா? வளைகுடா ஏற்றுமதி எப்படி? புரட்டாசி பிறக்கப் போகிறதா, ஐயப்பன் சீசனா? வடக்கே குளிர் தொடங்கிவிட்டதா? இத்தனையையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். பார்ப்பவரும் ஒருவர் இல்லை.

பல அளவுகோல், பல ஆட்கள். மேலாண்மைப் படிப்பில் இதற்குப் பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள்: பல்லளவுகோல் குழு முடிவெடுத்தல். பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம். மூன்று பேரை வைத்துப் பார்த்துவிடலாம். இந்த மூவரும் கணக்குக்காகக் கற்பனை செய்தவர்கள். எண்களும் அப்படியே.

புதுச்சத்திரத்துக்காரர் 5,000 கோழி வைத்திருக்கிறார். மோகனூர்க்காரர் 40,000. நாமக்கல்காரர் 2 லட்சம். புரட்டாசி வந்து முட்டை தேங்குகிறது. முன்னால் மூன்று வழி இருக்கின்றன.

அ) விலையைக் குறைத்துச் சரக்கைத் தள்ளிவிடுவது.
ஆ) விலையை அப்படியே வைத்து, தேங்கிய முட்டையைக் குளிர்பதனக் கிடங்கில் வைப்பது.
இ) விலையை அப்படியே வைத்து, வயதான கோழிகளை முன்கூட்டியே கழித்து விற்றுவிடுவது. முட்டை வரத்து குறையும்.

சின்னவருக்கு அ. தீவனக்காரருக்குப் பணம் கொடுக்க வேண்டும். ஒரு கோழி ஒரு நாளைக்கு 110 கிராம் தின்றால் 5,000 கோழிக்கு 550 கிலோ. காசு இன்றே கைக்கு வர வேண்டும். பெரியவருக்கு ஆ. அவர் பண்ணையில் நாளைக்கு 1,80,000 முட்டை. 20 காசு குறைந்தால் தினமும் 36,000 ரூபாய் போகும். ஒரு தடவை விலையை இறக்கிவிட்டால் ஏற்றுவது லேசில்லை என்பது அவர் பயம். நடுவில் உள்ளவருக்கு இ. அவர் செலவில் தீவனம்தான் பெரிய பங்கு, பொதுவாக எல்லாப் பண்ணையிலும் எழுபது சதவீதத்தை ஒட்டி வரும். முட்டை குறைந்துபோன கிழட்டுக் கோழிக்கு ஏன் தீனி போட வேண்டும் என்கிறார்.

கை தூக்கச் சொன்னால்? ஆளுக்கு ஒன்று. ஒன்று, ஒன்று, ஒன்று. ஓட்டெடுப்பு கைவிட்டுவிட்டது. இதற்குப் பிறகு வழக்கமாக என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஊர்க்கூட்டமானாலும் சரி, கல்லூரி விழாக் கமிட்டியானாலும் சரி, குரல் பெரிதாக இருப்பவர் சொன்னது முடிவாகும். மற்றவர்கள் தலையாட்டிவிட்டு வெளியே வந்து பேசுவார்கள்.

இந்த இடத்தில்தான் முறைகள் உதவிக்கு வருகின்றன. ஒரே முறை போதாது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நோய்க்கு மருந்து. சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

முதல் நோய், பெரியவர் பேசிய பின் சின்னவர் வாய் திறக்காதது. இதற்கு மருந்து டெல்ஃபி முறை. அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் 1950-களில் உருவானது. ஒவ்வொருவரும் தன் மதிப்பீட்டைப் பெயர் போடாமல் எழுதிக் கொடுப்பார்கள். ஒருவர் அதைத் தொகுத்து, "இப்படி இப்படி வந்திருக்கிறது, காரணம் இவை" என்று திருப்பிக் காட்டுவார். அதைப் பார்த்துவிட்டு மறுபடி எழுதலாம். இரண்டு மூன்று சுற்று போகும். தேக்கம் எத்தனை நாள் நீடிக்கும் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஏனென்றால் அது விருப்பம் பற்றிய கேள்வி அல்ல, தகவல் பற்றிய கேள்வி. ஒருவர் பத்து நாள் என்றும் இன்னொருவர் இரண்டு மாதம் என்றும் மனதில் வைத்துக்கொண்டு சண்டை போட்டால் அந்தச் சண்டை என்றைக்கும் தீராது.

இரண்டாவது நோய், எது முக்கியம் என்பதைச் சொல்லாமலேயே வாதாடுவது. இதற்கு மருந்து ஏ.எச்.பி. தாமஸ் சாட்டி 1970-களில் உருவாக்கிய முறை. எல்லா அளவுகோலையும் ஒன்றாகப் பார்க்கச் சொல்லாது. இரண்டிரண்டாக எடுத்து "இதைவிட அது எத்தனை மடங்கு முக்கியம்?" என்று கேட்கும். சின்னவர், தீவனச் செலவைவிடக் கைப்பணம் இரண்டு மடங்கு முக்கியம் என்கிறார். விலை மட்டத்தைக் காப்பாற்றுவதைவிடத் தீவனச் செலவு மூன்று மடங்கு என்கிறார். அப்படியானால் விலை மட்டத்தைவிடக் கைப்பணம் ஆறு மடங்கு என்று வர வேண்டும். "இல்லை, இரண்டு மடங்குதான்" என்று அவர் சொன்னால் எங்கோ இடிக்கிறது என்று கணக்கே காட்டிக் கொடுக்கும். மறுபடி யோசிக்கச் சொல்லலாம். ஆறு என்றே சொன்னால் அவருடைய எடை கைப்பணம் 60, தீவனம் 30, விலை மட்டம் 10.

அதே மாதிரி மோகனூர்க்காரருக்கு 30, 50, 20. நாமக்கல்காரருக்கு 10, 20, 70 என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்து மூன்று வழிகளுக்கும் பத்துக்கு மதிப்பெண். இது டெல்ஃபி சுற்றில் எல்லோரும் ஒத்துக்கொண்ட தகவல் என்று வைப்போம்.

விலைக் குறைப்பு: கைப்பணம் 8, தீவனம் 4, விலை மட்டம் 1.
கிடங்கு: கைப்பணம் 2, தீவனம் 2, விலை மட்டம் 9.
கோழி கழிப்பு: கைப்பணம் 5, தீவனம் 8, விலை மட்டம் 5.

கழித்த கோழியை விற்றால் கொஞ்சம் பணம் வரும், அதனால் கைப்பணத்துக்கு 5. எடையோடு பெருக்கிக் கூட்டினால் ஒவ்வொருவர் பார்வையிலும் கிடைப்பது இது:

சின்னவர்: குறைப்பு 6.1, கிடங்கு 2.7, கழிப்பு 5.9.
நடுவர்: குறைப்பு 4.6, கிடங்கு 3.4, கழிப்பு 6.5.
பெரியவர்: குறைப்பு 2.3, கிடங்கு 6.9, கழிப்பு 5.6.

இப்போது கொஞ்சம் நின்று பாருங்கள். கை தூக்கியபோது மூவரும் எதிரெதிர் மூலையில் நின்ற மாதிரி தெரிந்தது. ஆனால் சின்னவருக்குக் குறைப்புக்கும் கழிப்புக்கும் இடையில் வித்தியாசம் வெறும் 0.2. பெரியவருக்கும் கழிப்பு இரண்டாம் இடத்தில் தாராளமாக இருக்கிறது. சராசரி போட்டால் குறைப்பு 4.3, கிடங்கு 4.3, கழிப்பு 6.0. இரண்டு பேருக்கு முதல் விருப்பமாக இல்லாத ஒன்று, மூன்று பேருக்கும் பொறுத்துக்கொள்ளக் கூடியதாக இருக்கிறது. கை தூக்கும் ஓட்டில் இது தெரியவே தெரியாது. ஓட்டு முதல் விருப்பத்தை மட்டும் கேட்கும். மற்றதைச் சொல்ல இடமே கிடையாது.

சந்தேகமாக இருந்தால் இன்னொரு முறையால் சரிபார்க்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சுக்காரர் போர்டா சொன்ன வழி: முதல் இடத்துக்கு 2, இரண்டாவதுக்கு 1, கடைசிக்கு 0. கூட்டினால் குறைப்பு 3, கிடங்கு 2, கழிப்பு 4. அதே முடிவு. அல்லது, முதலிலேயே மூவருடைய ஒப்பீடுகளையும் கலந்து ஒரே எடையாக்கிக் கணக்குப் போடலாம். அப்படிக் கலக்கும்போது சாதாரண சராசரி கூடாது, பெருக்குச் சராசரிதான் சரி என்று அக்ஸேலும் சாட்டியும் 1983-ல் காட்டினார்கள். காரணம் எளிது. ஒருவர் "இரண்டு மடங்கு" என்கிறார், இன்னொருவர் "பாதி" என்கிறார். நியாயமாகச் சமம் என்றுதான் வர வேண்டும். சாதாரண சராசரி 1.25 என்று ஒரு பக்கம் சாயும். பெருக்குச் சராசரி 1 என்று நேராக நிற்கும். அந்த வழியில் போனாலும் கழிப்பு 6.1, குறைப்பு 4.4, கிடங்கு 4.1. மூன்று முறையும் ஒரே பக்கம் கை காட்டினால் கூட்டம் தைரியமாக முடிவெடுக்கலாம். வேறு வேறு பக்கம் காட்டினால் இன்னும் பேச வேண்டியது இருக்கிறது என்று அர்த்தம். முறைகளைச் சேர்த்துப் பயன்படுத்துவதன் பெரிய லாபமே இதுதான்.

இதோடு கட்டுரையை முடித்தால் சுபம். ஆனால் ஒரு கேள்வியை நைசாகத் தாண்டி வந்துவிட்டோம். மூவருக்கும் ஆளுக்கு ஒரு குரல் என்று யார் சொன்னது?

பெரியவர் கேட்கலாம்: "சந்தைக்கு வர்ற முட்டையில பெரும்பங்கு எம்படதுங்க. நட்டம் வந்தாலும் எனக்குத்தான் பெருசு. எம் பேச்சுக்கு எடை வேண்டாமுங்களா?" நியாயமான கேள்விதான். சரி, கோழிக் கணக்கில் குரல் கொடுத்துப் பார்ப்போம். 5,000-க்கு 5, 40,000-க்கு 40, 2 லட்சத்துக்கு 200. இப்போது கிடங்கு 6.2, கழிப்பு 5.8, குறைப்பு 2.8. முடிவு தலைகீழ்! ஒரு மதிப்பெண்ணும் மாறவில்லை, ஒருவர் விருப்பமும் மாறவில்லை. யாருக்கு எவ்வளவு குரல் என்பது மட்டும் மாறியது.

இதற்கு எந்தச் சூத்திரத்திலும் பதில் கிடையாது. பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1951-லேயே, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வழிகள் இருக்கும்போது, நியாயமான சில நிபந்தனைகள் எல்லாவற்றையும் ஒருசேர நிறைவேற்றும் வரிசைப்படுத்தும் முறை இருக்கவே முடியாது என்று நிரூபித்துவிட்டார். முறையைத் தேர்ந்தெடுப்பதே ஒரு முடிவுதான். அதை யார் எடுத்தார்கள் என்று கேட்காமல் "கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது" என்றால் அது ஏமாற்று.

சூத்திரம் பதில் சொல்லாத கேள்விக்கு நாமக்கல் சந்தை ஒரு பதில் சொல்கிறது. அதன் பெயர் "மைனஸ்".

என்.இ.சி.சி. அறிவிக்கும் விலை பரிந்துரை விலைதான், கட்டாயம் இல்லை என்று அந்த அமைப்பின் இணையதளமே சொல்கிறது. அறிவித்த விலைக்கு விற்க வேண்டும் என்று யாரையும் பிடித்து வைக்க முடியாது. கோழிக் கணக்கில் கிடங்கு என்று முடிவானதாக வைப்போம். புதுச்சத்திரத்துச் சின்னவருக்கு அந்த முடிவின் மதிப்பு 2.7. அவருக்குக் கிடங்கு வாடகை கட்டுப்படியாகாது. மறுநாள் காலையில் செட்டு வாசலில் வண்டி நிற்கும்.

"ஏனுங்ணா, லோடு ஏத்தீரலாமுங்களா?"

"போர்டு வெலைக்கு எடுத்துக்குங்க."

"போர்டு வெலைக்கு எங்கீங்ணா ஓடுது? நாப்பது காசு மைனஸ் போட்டாத்தான் கட்டும். இல்லீன்னா அடுத்த செட்டுக்குப் போறனுங்க."

அவர் கொடுத்துவிடுவார். கொடுக்காமல் என்ன செய்வார்? நாற்பது காசு மைனஸ் என்றால் 4,500 முட்டைக்கு நாளைக்கு 1,800 ரூபாய். பக்கத்து செட்டும் கொடுக்கும். நான்கு நாளில் அந்த மைனஸ் பெரியவர் பண்ணை வாசலுக்கும் வந்து நிற்கும். எந்த விலையைக் காப்பாற்றத் தன் பெரிய குரலைப் பயன்படுத்தினாரோ அந்த விலை பேப்பரில் மட்டும் இருக்கும்.

நாமக்கல் வட்டாரத்தில் அறிவித்த விலைக்கும் பண்ணை வாசல் விலைக்கும் இருந்த இந்த இடைவெளி பல காலமாகப் பேசப்பட்ட விஷயம். சிறு முட்டை, போக்குவரத்து, தேக்கம் என்று அதற்குக் காரணங்கள் பல சொல்வார்கள். எல்லாம் உண்மையாக இருக்கலாம். அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம்: கூட்டத்தில் சொல்லாத கருத்து வேறுபாடு செட்டு வாசலில் காசாக வெளியே வரும். கூட்டத்தில் பேசாதவர் பேசாமலேயே இருந்துவிடுவதில்லை. மறுநாள் மைனஸில் பேசுகிறார்.

அதனால்தான் ஒருமித்த கருத்து என்பது சின்னவர்மேல் காட்டும் இரக்கம் அல்ல. கட்டாயப்படுத்த முடியாத முடிவு நிலைக்க வேண்டுமானால், மிக அதிருப்தியோடு போகிறவர் எவ்வளவு அதிருப்தியோடு போகிறார் என்று பார்த்தே ஆக வேண்டும். மேலே உள்ள பட்டியலில் ஒவ்வொரு வழிக்கும் ஆகக் குறைந்த மதிப்பெண்ணைப் பாருங்கள். குறைப்புக்கு 2.3, கிடங்குக்கு 2.7, கழிப்புக்கு 5.6. கழிப்பு முடிவானால் யாரும் அதை உடைத்துக்கொண்டு ஓட வேண்டிய அவசியமில்லை. சராசரியைவிட இந்த ஒரு எண் பெரிய செய்தி.

முறைகளில் ஓட்டை இல்லாமல் இல்லை. தனக்கு வேண்டிய வழி ஜெயிக்க வேண்டும் என்று 60-ஐ 90 என்று சொல்பவர் இருப்பார். மதிப்பெண் போடும்போதே சாய்ப்பவர் இருப்பார். 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் பறவைக்காய்ச்சல் வந்தபோது, நோயே வராத நாமக்கல்லிலும் முட்டை விற்காமல் கிடந்தது. அந்த மாதிரி நாளில் எந்த அட்டவணையும் தாங்காது. மூன்று பேருக்குப் போட்ட கணக்கை நூற்றுக்கணக்கான பண்ணைகளுக்குப் போடுவதும் சுலபமில்லை.

ஆனாலும் ஒரு நோட்டு, ஒரு பென்சில் போதும், ஒரு விஷயம் தெளிவாகிவிடும். எந்த இடத்தில் தகவல் வேறுபடுகிறது, எந்த இடத்தில் முக்கியத்துவம் வேறுபடுகிறது, எந்த இடத்தில் குரலின் அளவு வேறுபடுகிறது என்று மூன்று சண்டையும் தனித்தனியாகப் பிரியும். முதல் சண்டையைத் தகவல் தீர்க்கும். இரண்டாவதைக் கணக்கு கொஞ்சம் தணிக்கும். மூன்றாவதை மனிதர்கள் உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும்.

அடுத்த முறை பேப்பரில் "முட்டை விலை மாற்றமில்லை" என்று பார்த்தால், ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்று, எல்லோரும் ஒத்துப் போயிருக்கிறார்கள். அல்லது, எங்கோ ஒரு செட்டு வாசலில் வண்டி நிற்கிறது.